கியூப்புக்கு வாசிக்கத் தெரியாது

எங்கள் வீட்டுக் கேற் காற்றில் அடிபடாமல் இருக்க ஒரு கொங்கிறீட் கியூப்தான் முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீற்றர், நிறை எட்டுக் கிலோ வரும். மேல்முகத்தில் ஆணியால் கீறிய திகதி பாதி அழிந்துவிட்டது. வேலைத்தளத்தில் நின்று பழகிய ஆட்களின் வீட்டில் இப்படி ஒன்றாவது கிடக்கும். சிலர் பூச்சாடிக்கு அண்டக் கொடுப்பார்கள், சிலர் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் மாரிகாலத்து மண்ணில் புதையாமல் இருக்க வைப்பார்கள்.

நான் வன்னியில் பதினைந்து வருடமாக ரீ.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை பார்ப்பவன். மதகு, பள்ளிக்கூடம், வீட்டுத்திட்டம், வாய்க்கால் கட்டு என்று கொங்கிறீட் ஊற்றிய இடமெல்லாம் நின்றிருக்கிறேன். மனைவி ஒரு வங்கியில் கடன் பகுதியில் இருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இருவர் கதையும் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். விதி எழுதுகிறவன் ஒருவன், அதைச் சுற்றிப் போகிறவன் இன்னொருவன், நடுவில் கையெழுத்துப் போட நாங்கள். இந்தக் கட்டுரையில் பாதி அந்தச் சாப்பாட்டு நேரத்துச் சண்டைதான்.

கியூப் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொங்கிறீட் ஊற்றும் நாளில் அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, எண்ணெய் பூசிய இரும்பு அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் முப்பத்தைந்து குத்துக் குத்தி, மேலே மட்டம் தட்டிவிட வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். ஏழாம் நாள் சிலதை உடைத்துப் பார்ப்போம், இருபத்தெட்டாம் நாள் மிச்சத்தை. தரம் 25 கொங்கிறீட் என்றால் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது அந்தச் சின்னக் கட்டியின் தலையில் ஏறக்குறைய 57 தொன். இயந்திரத்தின் முள் ஏறிக்கொண்டே போகும். ஆய்வுகூடத்தில் யாரும் கதைக்க மாட்டார்கள். பிறகு ஒரு சத்தம். ஒழுங்காக உடைந்த கியூப் நான்கு பக்கமும் உதிர்ந்து, நடு ஒடுங்கி, உடுக்கை மாதிரி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் அச்சிலோ இயந்திரத்திலோ பிழை இருக்கிறது, திரும்பப் பார் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தச் சோதனை எனக்குக் கோயில் காரியம் மாதிரி இருந்தது. பொய் சொல்லத் தெரியாத ஒரு கல்லிடம் கேள்வி கேட்கிறோம் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு ஒட்டுசுட்டான் பக்கத்து மதகு வேலையோடு போனது. 2012 ஆக இருக்கும். கலவை இயந்திரம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மர நிழலில் மேசன் ஐயா ஒருவர் தனியாகத் தாச்சியில் கொஞ்சம் குழைத்துக்கொண்டிருந்தார். என் அப்பாவின் வயது இருக்கும். சீமெந்து தாராளமாக விழுந்திருந்தது, நிறமே வேறு. பக்கத்தில் மூன்று அச்சு. என்னையா இது என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, “இது கியூப்புக்குத் தம்பி. அது மதகுக்கு” என்றார். மறைக்கவே இல்லை. சாமிக்குத் தனியாகப் படைப்பது போல, அதிகாரிக்குத் தனியாகக் குழைப்பதும் வேலையின் ஒரு பகுதி என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அன்று நான் வீரம் ஒன்றும் காட்டவில்லை. தாச்சியைக் கவிழ்க்கச் சொன்னேன், இயந்திரத்திலிருந்து எடுத்து அச்சை நிரப்பச் சொன்னேன், மிச்ச நாள் முழுக்க அச்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கொந்தராத்துக்காரர் பின்னேரம் வந்து சோடா வாங்கித் தந்தார். எனக்கு உறுத்தியது வேறு. அதற்கு முதல் மாதங்களில் நான் கையெழுத்திட்ட கியூப்களில் எத்தனை தாச்சிக் கியூப்?

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சிரித்தார். “இதென்ன பெரிய விசயம்? எங்களிட்ட எண்பத்தெட்டாம் நாள் எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ?”

கடனின் தவணை மூன்று மாதம், அதாவது தொண்ணூறு நாள் தவறினால் அதைச் செயற்படாக் கடன் என்று பதிய வேண்டும். பதிந்தால் வங்கி அதற்காக இலாபத்திலிருந்து காசு ஒதுக்க வேண்டும், கிளையின் பெயர் கெடும், முகாமையாளரின் பதவி உயர்வு தள்ளிப்போகும். ஆகவே எண்பத்தெட்டாம் நாள் யாராவது ஒருவர் கடன்காரரைக் கூப்பிட்டு, “அண்ணை, சின்னதா ஒரு புதுக் கடன் போட்டுத் தாறம், பழையதைக் கட்டிப்போடுங்கோ” என்பார். கடன் பெருத்திருக்கும், ஆனால் பதிவேட்டில் அது சுகதேகி. மனைவி முதலில் வேலை பார்த்த கிளையில் இதற்கு ஒரு பெயரே இருந்ததாம்: தோய வார்க்கிறது. குளித்து வந்த கடன்!

எங்கள் இருபத்தெட்டாம் நாளும் அவர்களின் எண்பத்தெட்டாம் நாளும் ஒன்றுதான் என்பது மனைவியின் கட்சி. இல்லை என்பது என் கட்சி. பல வருடமாக இந்த வழக்கு நடக்கிறது.

என் வாதம் இது. கொங்கிறீட்டுக்கு வாசிக்கத் தெரியாது. விதிக்கோவையில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. விதி எழுதப்பட்டதற்கு முதல்நாள் அது எவ்வளவு தாங்கியதோ அதையேதான் மறுநாளும் தாங்கும். வாசிக்கத் தெரிந்தவர் மேசன் ஐயா. அதனால் கட்டட விதிகளில் ஏமாற்று நுழைய ஒரு வாசல்தான் உண்டு, அதில் ஒரு ஆளை நிறுத்தினால் போதும். வங்கியில் எல்லாமே வாசிக்கும். கடன் எடுப்பவர் வாசிப்பார், கொடுப்பவர் வாசிப்பார், வைப்பிலிட்டவர் பேப்பரில் வாசித்துவிட்டு ஓடிவருவார். மண்ணும் சீமெந்தும் தண்ணீரும் எல்லாம் சட்டம் படித்த ஒரு அணைக்கட்டைக் கற்பனை செய்து பாருங்கள்.

இது எங்கள் கிளைக் கதை மட்டுமில்லை. 1974இல் ஜேர்மனியில் ஹேர்ஸ்டாட் என்ற வங்கி விழுந்த பிறகுதான் பல நாட்டு மத்திய வங்கிகள் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஒரு குழுவாக உட்காரத் தொடங்கின. 1988இல் அந்தக் குழு முதல் உடன்பாட்டை எழுதியது. கொடுத்த கடனுக்கு ஆபத்துக்கு ஏற்ப எடை போட்டு, அதில் எட்டு வீதமாவது சொந்த மூலதனம் இருக்க வேண்டும் என்றது. நல்ல விதி. அதில் ஒரு வரி: தேவைப்படும்போது கடன் தருகிறோம் என்று கொடுக்கும் உறுதிமொழி ஒரு வருடத்துக்கு உட்பட்டதாக இருந்தால் அதற்கு மூலதனம் தேவையில்லை. உலகத்து வங்கிகள் என்ன செய்தன? 364 நாள் உறுதிமொழி என்று ஒரு புதுச் சரக்கையே கொண்டுவந்தன. அது முடிந்ததும் புதுப்பித்துக்கொள்வது. எண்பத்தெட்டாம் நாளுக்கு ஒரு பெரியண்ணன் இருக்கிறார் என்று அன்றுதான் மனைவிக்கும் தெரிந்தது.

சரி, என் கட்சி வென்றுவிட்டது என்று இருந்தேன். 2017 ஜூனில் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். சுவருக்கு வெளியே ஒட்டிய பலகைதான் தீயை மேலே ஏற்றிக் கொண்டுபோனது. விசாரணை பல வருடம் நடந்து 2024இல் இறுதி அறிக்கை வந்தபோது, அந்தச் சாமான்களைச் செய்த கொம்பனிகள் தீச்சோதனைகளைத் தங்களுக்கு ஏற்ற மாதிரிச் செய்து சந்தையை ஏமாற்றியதாகச் சொல்லியிருந்தது. இங்கிலாந்தில், அத்தனை பெரிய சட்டப் புத்தகத்துக்கு நடுவில், தாச்சிக் கியூப். மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை, பருப்பை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தார்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எங்கள் வேலையில் மூடுவதற்கு முதல் பார்ப்பது என்று ஒரு பழக்கம் உண்டு. கம்பி கட்டி முடிந்ததும் ரீ.ஓ. வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் கொங்கிறீட் ஊற்ற முடியாது. ஊற்றிவிட்டால் கம்பி கண்ணுக்குத் தெரியாதே. எத்தனை குழப்படி நடந்தாலும் அந்த ஒரு நிமிடம் பொருளும் கண்ணும் நேருக்கு நேர் நிற்கும். சந்தேகம் வந்தால் பிறகு கட்டிய தூணிலேயே துளை போட்டு உள்ளிருந்து ஒரு உருளையை எடுத்துச் சோதிக்கலாம். வங்கியில் அப்படி எதைத் துளைப்பது? மேற்பார்வைக்கு வருகிறவர்கள் வைத்துப் பார்ப்பது காகிதத்தை. காகிதம் சொல்வது இன்னொரு காகிதத்தை. கடன் என்ற பொருள் எங்கேயோ கண்டாவளையில் ஒரு வயலில் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பாதுகாப்புக்கு மேலதிகமாக வைப்பதிலும் இதே கதை. நாங்கள் படித்தது கொங்கிறீட் வடிவமைப்புக்கான பிரித்தானிய விதிக்கோவை 8110. கட்டடத்தின் சொந்தப் பாரத்தை 1.4 ஆலும் ஆட்களும் தளபாடங்களும் தரும் பாரத்தை 1.6 ஆலும் பெருக்க வேண்டும், கொங்கிறீட்டின் பலத்தை 1.5 ஆல் பிரிக்க வேண்டும். தெரியாத்தனத்துக்கு விடும் இடம் அது. (பிரித்தானியா அந்தக் கோவையை 2010இல் கைவிட்டுவிட்டது. எங்கள் மேசைகளில் அது இன்னும் அட்டை கிழிந்து கிடக்கிறது.) வங்கிக்கு இதே வேலையை மூலதனம் செய்கிறது. இலங்கை மத்திய வங்கியின் விதிப்படி 2019 முதல் சாதாரண வணிக வங்கிக்கு மொத்தம் 12.5 வீதம். பெரிய வங்கி என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

இந்த வீதத்தைக் கணக்குப் பார்க்கும்போது அரசாங்கத்துக்கு ரூபாவில் கொடுத்த கடனுக்கு எடை என்ன? பூச்சியம். இலங்கையில் மட்டுமில்லை, பாசல் விதி தரும் சலுகைப்படி பல நாடுகளில் அப்படித்தான். மனைவி இதைச் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளம் அரசாங்கத்தின் குளம், ஆகவே அதிலுள்ள தண்ணீருக்கு எடை இல்லை என்று எழுதி ஒருவர் அணைக்கட்டு வரைந்து வந்தால் அவரை என்ன செய்வோம்? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, அரசாங்கக் கடன் என்ற தண்ணீருக்கும் கனம் உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இனி வீட்டுத்திட்டம். வன்னியில் எங்கள் இரண்டு தொழிலும் ஒரே வளவில் சந்தித்த இடம் அதுதான்.

போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வடக்குக் கிழக்கில் பெரும்பகுதி வீடுகளைப் பயனாளிகளே கட்டுவது, ஒரு வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா, கட்டங்கட்டமாகக் காசு. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி, கூரைக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் தொழில்நுட்ப ஆள் வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த காசு. நான் சொன்ன மூடுவதற்கு முதல் பார்ப்பதுதான் இது, காசோடு கட்டிய வடிவத்தில். கட்டட ஒழுங்கு என்ற அளவில் நல்ல வேலை. நான் பார்த்த வீடுகள் பல இன்றும் வெடிப்பில்லாமல் நிற்கின்றன.

வட்டக்கச்சிப் பக்கம் ஒரு அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேலே போகும் கொங்கிறீட் விட்டம்) மட்டத்துக்கு முன்னால் காசு முடிந்துவிட்டது. மணல் விலை ஏறியிருந்தது, மேசன் கூலி ஏறியிருந்தது, அவரும் ஒரு அறையைக் கொஞ்சம் பெருப்பித்திருந்தார். லிண்டல் கட்டாமல் நான் எழுதிக் கொடுக்க ஏலாது. எழுதிக் கொடுக்காமல் அடுத்த காசு வராது. அவர் மூன்று நாள் கழித்து ஃபோன் அடித்தார்: “தம்பி, கட்டியாச்சு. வந்து பாருங்கோ.” போய்ப் பார்த்தேன். கம்பி சரி, கம்பியை மூடும் கொங்கிறீட்டின் தடிப்பும் சரி, சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டேன். காசு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.

ஒரு வருடத்துக்குப் பிறகு அதே வீட்டுத் திண்ணையில் அவர் தன் அட்டைகளை எடுத்துக் காட்டினார். மூன்று நுண்கடன் கொம்பனி, மூன்று நிற அட்டை. ஒன்றை மட்டும் கணக்குப் பார்த்தேன். ஐம்பதாயிரம் கடன், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை. மொத்தம் 65,000. “முப்பது வீத வட்டிதான்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் முதற்கிழமையே கடனின் முதற்தொகை குறையத் தொடங்குகிறதே. ஐம்பதாயிரமும் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கிழமை. குறைந்துபோகும் மிச்சத்தின் மேல் பார்த்தால் வருடத்துக்கு 54 வீதம் வருகிறது. ஒரு கிழமையில் செவ்வாய் ஒருவர், புதன் ஒருவர், வெள்ளி ஒருவர் என்று மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பூட்டிய வீட்டின் வாசலில் பொழுதுபடும் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கொம்பனிக்குக் கட்டத்தான் அடுத்த கொம்பனியில் எடுத்தது. தோய வார்த்தல்தான், ஆனால் இங்கே தண்ணீர் ஊற்றியது அவரே.

அவரது லிண்டலின் கம்பியை எண்ண ஒரு ஆள் இருந்தேன். கடனை எண்ண ஆளில்லை. நுண்நிதிச் சட்டம் 2016இல்தான் வந்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்ச வரம்பு 2018இல் வந்தது. அதே ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதற்குள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெண்கள் வீதிக்கு வந்து நின்றாயிற்று. வரம்பு வந்த பிறகு நான் பார்த்த புது அட்டை ஒன்றில் வட்டி குறைந்திருந்தது, பக்கத்தில் ‘ஆவணக் கட்டணம்’ என்று ஒரு புது வரி முளைத்திருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள்.

அந்த அட்டையின் பின்பக்கம்தான் என்னைக் கூட யோசிக்க வைத்தது. ஐந்து பெண்களின் கையெழுத்து. ஒருவர் கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். பிணை வைக்கச் சொத்தில்லாத பெண்களுக்கு ஒருவருக்கொருவர் பிணை என்று இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்வார்கள். கட்டட ஆளின் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

1968 மே 16, கிழக்கு லண்டனில் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடம். ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம்தான். விடியப்புறம் பதினெட்டாம் மாடியில் ஒரு அம்மா தேத்தண்ணி வைக்க அடுப்பைப் பற்றவைத்தார், வாயு கசிந்திருந்தது, வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே போனது. அது தாங்கியிருந்த மேல்மாடிகள் விழுந்தன, விழுந்த பாரத்தில் கீழ்மாடிகளும் விழுந்தன, கட்டடத்தின் ஒரு மூலை முழுதும் சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பு மூட்டிய அம்மா தப்பிவிட்டார். அதற்குப் பிறகு, ஐந்து மாடி அல்லது அதற்கு மேல் என்றால், ஒரு உறுப்புப் போனால் அந்த இடத்தோடு சேதம் நிற்க வேண்டும் என்று 1970இல் சட்டத்தில் எழுதினார்கள். எங்கோ ஒன்று உடையத்தான் செய்யும், உடைந்தது பக்கத்தை இழுக்கக் கூடாது.

குழுப்பிணையில் இது அப்படியே தலைகீழ். ஒருவர் விழுந்தால் நால்வரும் சேர்ந்து விழ வேண்டும் என்பதற்காகவே வரைந்த கட்டடம். அதுவும் சுவர் தனித்தனிக் காரணத்தால் உடைகிற ஊராக இருந்தால் பரவாயில்லை. வன்னியில் மழை பொய்த்தால் ஐந்து பேரின் வயலும் ஒரே மாதத்தில் காயும். நான் கட்டும் மதகின் பாரம் அடுத்த ஊர் மதகின் தலையில் ஏறுவதில்லை. கடன் ஏறும். விழப்போகும் நால்வரையும் தூண் என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள். பெரிய வங்கிகள் 2008இல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழப்போனதும் இதே வரைபடம்தான். அவற்றுக்கு அரசுகள் முட்டுக் கொடுத்தன. வட்டக்கச்சி அக்கா தாலிக்கொடியை அடகு வைத்தார்.

இந்த இடத்தில் மனைவி ஒரு கேள்வி கேட்பார், அதற்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. “நீங்கள் பிழை கண்டால் பலகை போட்டு வீதியை மூடலாம். நான் என்ன செய்யிறது?”

2018 டிசம்பர் 22ஆம் திகதி விடிந்தபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளால் பாய்ந்த தண்ணீர் முரசுமோட்டையையும் கண்டாவளையையும் மூடியிருந்தது. எங்கள் சித்தி வீட்டில் நெல் மூட்டை மிதந்தது. புதிதாகத் தரமுயர்த்திய குளம், கதவைத் திறந்தது பிந்தியா முந்தியா என்று ஊர் முழுக்கச் சண்டை. எஞ்சினியர்மாரைத் திட்டாத தேத்தண்ணிக் கடை இல்லை. சரி, திட்டட்டும். அதிலும் ஒரு நன்மை உண்டு: நேரத்தோடு எச்சரிப்பதால் குளத்துக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளம் வருகிறது என்று சித்திக்கு ஃபோன் அடித்தால் கட்டு கோபித்துக்கொண்டு உடையாது. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதை முதல்நாள் யாராவது ஊர் ஊராகக் கத்தியிருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்கும், கட்டுக்குச் சேதம் கூடியிருக்காது.

வங்கி விழப்போகிறது என்று கத்தினால் அந்தக் கத்தலே அதை விழுத்தும். 2023 ஜூன் கடைசியில் அரசு உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போவதாக அறிவித்தது. ஹஜ் பெருநாள், நடுவில் ஒரு விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, போயா என்று ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை ஐந்து நாள் வங்கிகள் பூட்டு. இரண்டாம் நாள் அம்மா ஃபோன் அடித்தார், என்னோடு இல்லை, மருமகளோடு கதைக்க வேண்டுமாம்.

“பிள்ளை, செவ்வாய்க்கிழமை திறந்த உடன காசை எடுக்கட்டோ?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது பொலித்தீன் பையில் சுற்றி அவர் நெஞ்சோடு கொண்டு திரிந்தவற்றில் வங்கிப் புத்தகமும் இருந்தது, 1994இல் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தின் வைப்புத் துண்டும் இருந்தது. வங்கிக் காசு பிறகு கிடைத்தது. துண்டு இன்னும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

மனைவி உடனே மறுமொழி சொல்லவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எடுங்கோ மாமி என்று சொன்னால் மாமி பக்கத்து வீட்டுக்குச் சொல்வார், பக்கத்து வீடு கோயிலில் சொல்லும். எடுக்காதையுங்கோ என்று சொன்னால், அவருக்கே அந்த நேரத்தில் நிச்சயமாகத் தெரியாது. “மாமி, பதினொரு இலட்சம் வரைக்கும் காப்புறுதி இருக்கு. உங்கட அதுக்குள்ளதான். பேசாமல் இருங்கோ” என்றார். சரியான மறுமொழிதான். வைப்புகளில் கைவைக்கவில்லை, அடிபட்டது ஊழியர் சேமலாப நிதி. ஆனால் அந்த இரவு அவர் நெடுநேரம் குசினியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர்மார் ரகசியம் காத்த கதையும் ஒன்று உண்டு, அதுவும் ஒரு வங்கியின் கட்டடத்தில். நியூயோர்க்கில் சிற்றிகோர்ப்பின் 59 மாடிக் கோபுரம் 1977இல் முடிந்தது. மறுவருடம்தான், இரும்பு இணைப்புகளை வெல்டிங் பண்ணி ஒட்டாமல் ஆணிபோட்டு முறுக்கியிருப்பதால் ஒரு பெரும் புயலுக்குக் கட்டடம் தாங்காது என்று அதை வடிவமைத்த எஞ்சினியரே கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தார். இரவிரவாக உள்ளே ஒட்டுவேலை செய்தார்கள், பகலில் ஊழியர்கள் வந்து வேலை பார்த்தார்கள். அந்த நேரம் நகரத்துப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தில் இருந்தன. வெளியுலகுக்கு முழுக்கதை 1995இல்தான் தெரியவந்தது. அதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. புயல் பாதையில் இருந்த அயல் வீட்டுக்காரன் நானாக இருந்தால்? மனைவிக்கோ அந்த எஞ்சினியரை நன்றாக விளங்குகிறது. “அவர் ஐந்து நாள் லீவு விட்டிருக்கிறார்” என்கிறார்.

வங்கிக்கும் குளத்துக்கும் ஒரே சட்டம் போடு என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் குளத்தடியில் இருக்கும் ஒரு சாமான்மேல் எனக்கு ஆசை. இரணைமடுவில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் இருக்கிறதே, அடிக்கணக்கு எழுதியது, 36 அடியென்றால் நிறைகுளம். சைக்கிளில் போகிற பொடியனும் அதை வாசிக்கலாம். சிறுபோகத்துக்கு முதல் அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் நடக்கும். தண்ணீர் இவ்வளவு, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று எல்லோருக்கும் முன்னால் முடிவாகும். போன கூட்டத்தில் ஒரு பெரியவர் எழும்பி, “எஞ்சினியர் ஐயா, நான் காலமை பாத்திட்டுத்தான் வாறன், நீங்கள் சொல்லுறதிலும் அரையடி குறைவு” என்றார். கோப்பைத் திருப்பிப் பார்த்தால் அது முதல்நாள் எழுதிய அளவு. பெரியவர் சொன்னதுதான் அன்றைய கணக்கானது. பேச்சுக்குப் பேச்சு, கூச்சல், வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானைமாரின் முணுமுணுப்பு. கடைசியில் இல்லாத தண்ணீரை யாரும் பங்கு பிரிக்கவில்லை.

மனைவியிடம் இதைச் சொன்னேன். உமது கிளை வாசலிலும் அப்படி ஒரு கோல் நட்டால் என்ன என்று கேட்டேன். “நட்டால், அரையடி இறங்கின அண்டைக்கே சனம் மிச்சத்தை இறைச்சுப்போடும்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனால் அந்த அக்காவின்ர வளவில ஒண்டு நட்டிருக்கலாம்” என்றார்.

போன கிழமை காற்று அடித்து, கேற் கியூப்பையும் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. கேற்றின் கம்பி வளைந்துவிட்டது, கியூப்பில் கீறல் இல்லை. மனைவி அதைக் காலால் புரட்டி, அழிந்த திகதியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இது தாச்சியோ, இயந்திரமோ?”

“தெரியேல்லை” என்றேன். “இது ஊத்தின அண்டைக்கு நான் லீவு.”